விரல் ஓட்டிப் படிக்கும் டீச்சர்

பாகலூர் அங்கன்வாடி டீச்சர், சத்துமாவு பாக்கெட்டைப் படித்தாலும் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டுவார். பிள்ளைகளின் கண்ணும் கூடவே நகரும்.

என் மகளுக்கு நாலு வயது. இன்னும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஏழாவதோடு நின்ற என்னைப்போல் ஆகிவிடுவாளோ என்று டீச்சரிடம் புலம்பினேன்.

"தினம் நீ ஏதாச்சும் படிச்சுக் காட்டும்மா."

"எனக்கே எழுத்துக்கூட்டித்தான் வரும் டீச்சர். தப்பாயிட்டா?"

"தப்புக் கண்டுபிடிக்க அவ என்ன உங்க கம்பெனி சூப்பர்வைசரா?"

சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் சத்துமாவு பாக்கெட்டில் விரல் வைத்தேன். இரண்டாவது சொல்லிலேயே திணறினேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் குரலிலேயே சொன்னாள்: "மெதுவாப் படி கண்ணு. எழுத்து எங்கயும் ஓடிப்போவாது."

நான் படித்த பள்ளியில் அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.