வாய்க்காலில் குளித்த டிராக்டர்

ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவன் நான். குத்தகைத் தகராறுகள் மலிந்திருந்த ஒரு பருவத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சேறடித்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் அடிக்கடி எரிந்துபோனது. சரிசெய்து தந்த கடைக்காரரிடம், "பழைய கம்பியைச் சுத்தி ஏமாத்துறீங்க" என்று பலர் முன்னால் கத்தினேன்.

குத்தகைக்குப் பயிரிடும் செல்வி அக்காவின் வயலில் இறங்கிய அன்று ஒருநாள்தான் அவருக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. நடவு தவறினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வதாக உரிமையாளர் மிரட்டியிருந்தார். பாதி வயலில் டீ குடிக்க வண்டியை அணைத்தேன். பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. சேற்றில் தள்ளவும் முடியவில்லை.

"என் வயல்தானா கெடைச்சுது ஒனக்கு?" என்றார் அக்கா.

ஆல்டர்நேட்டரைக் கழற்றிக்கொண்டு அதே கடைக்கு ஓடினேன். பிரித்ததும் உள்ளிருந்து வண்டல் கொட்டியது.

"ஏம்ப்பா, இதுக்குள்ள நாத்து விட்டிருக்கியா?" என்றார் கடைக்காரர். நின்றவர்கள் சிரித்தார்கள். தினமும் வேலை முடிந்ததும் வண்டியைச் சூட்டோடு வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டியவன் நான்தான்.

மலிவான பழையது வேண்டாமென்று, வண்டிக்கேற்ற ஆம்பியரும் வண்டல் புகாத மூடிய பேரிங்கும் உள்ள புதியதை வாங்கினேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்காமல் காசை மட்டும் எண்ணிக் கொடுத்தேன். திரும்பியபோது, நின்றுபோன என் வண்டியைச் சுற்றி அக்கா ஏர்மாடு விட்டு உழுதுகொண்டிருந்தார். நடவு தவறாமல் நிலம் தப்பியது, என்னால் அல்ல.

இப்போது இன்ஜின் ஆறியபின், ஆல்டர்நேட்டரை மூடிவைத்து, வாளித் தண்ணீரில்தான் கழுவுகிறேன். ஸ்டார்ட் செய்தபின் சார்ஜ் விளக்கு அணையாவிட்டால் யார் வயலிலும் இறங்குவதில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா கேட்கிறார், "வண்டி குளிச்சாச்சா தம்பி?"

தலைகுனிந்துகொண்டுதான் கடக்கிறேன்.