தலை மட்டும் இருந்த அக்கா

விருந்துகளில் இலையில் உளுந்து வடை விழுந்தால் நான் அதை ஓரமாக ஒதுக்கிவிடுவேன். வாயுத் தொல்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும். ஒரு சித்திரை மத்தியானத்தில், மூக்கில் சிவப்புச் சாயமும் கையில் கடித்த வடையுமாக, ஊர்ச்சனத்துக்கு நடுவே நான் நின்ற நிற்பை அவர்களுக்கு எப்படிச் சொல்ல?

அது யுத்த காலம். நான் பபூனாக இருந்த சர்க்கஸ் கம்பெனி, மிருகங்களுக்குத் தீனி போட வழியில்லாமல் கலைந்துபோனது. பபூனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? விழத் தெரியும், அடி வாங்கத் தெரியும். அந்த இரண்டையும் நம்பி மதுரைக்கு வந்து, கோரிப்பாளையத்துக்குக் கீழே ஆற்றங்கரைப் பொட்டலில் போட்டிருந்த ஒரு சின்ன மாயாஜாலக் கொட்டகையில் ஒட்டிக்கொண்டேன். முதலாளியும் வித்தைக்காரரும் ஒருவரே. அவரை மாஸ்டர் என்போம். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கொட்டகையில் இருந்த ஒரே அதிசயம் அவள்தான். 'உடம்பில்லாத பெண்! தலை மட்டும் பேசும்!' என்று வாசல் படுதாவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. மேஜைக்கு அடியில் இரண்டு கண்ணாடிகளைக் கோணலாக நிறுத்திவிட்டால், அடியில் எதுவுமே இல்லாதது போலத் தெரியும். அக்கா கண்ணாடிகளுக்குப் பின்னால் முழங்காலிட்டு, மேஜையில் உள்ள ஓட்டை வழியே தலையை நீட்டிக்கொள்வாள். கழுத்தைச் சுற்றி ஒரு தாம்பாளம், அதன்மேல் மல்லிகைச் சரம். யாராவது கிட்டே வந்தால் அவர்கள் கால்களே கண்ணாடியில் தெரிந்துவிடும் என்பதால் குறுக்கே ஒரு கயிறு. கால் தெரியாமல் கிட்டே போகிற கோணம் மாஸ்டருக்கும் எனக்கும் மட்டும்தான் பழக்கம். இதை இப்போது என் பேரனிடம் சொன்னால், "இவ்வளவுதானா தாத்தா?" என்று உதட்டைப் பிதுக்குகிறான். அன்றைக்கு வெள்ளைக்காரத் துரைகளே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் நாடகத் தமிழில் கேட்பார். "பெண்ணே, உனக்கு உடம்பு உண்டா?" "இல்லை." "பசி உண்டா?" "இல்லை." "தாய் தகப்பன் உண்டா?" "இல்லை." மூன்றாவது இல்லைக்குப் பெண்கள் கூட்டத்தில் உச்சுக்கொட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து நான் வடையோடு உள்ளே விழுந்து எழுந்து, "ஒரு வாயி தின்னு தாயீ" என்று நீட்டுவேன். "தின்றால் போக வயிறு இல்லையே!" என்று அவள் சொல்ல, நானே ஒரு கடி கடித்துவிட்டு, "எம்பொண்டாட்டியும் இப்பிடி இருந்தா எம்புட்டு மிச்சம்!" என்பேன். கொட்டகை அதிரும். அப்புறம் சனங்கள் கேள்வி கேட்கலாம். ஒருமுறை கதர்ச் சட்டைக்காரர் ஒருவர், "சுயராச்சியம் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டார். "ஒங்க பின்னால நிக்கிற போலீஸ்காரர் வெளிய போகட்டும், சொல்றேன்" என்றாள் அக்கா. அது யாரும் சொல்லிக்கொடுத்த வசனமில்லை. அவள் வாய் அப்படி.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடாரம் போட்ட ஊரில் பகலில் தலைக்காரி வெளியே நடமாடக் கூடாது. தாம்பாளத்தில் பார்த்த முகத்தைக் குழாயடியில் குடத்தோடு பார்த்துவிட்டால் அத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே அக்காவுக்கு மதுரை என்றால் கொட்டகைக்குப் பின்னால் படுதா மறைப்பில் இருந்த அடுப்படி மட்டும்தான். எங்களைத் தேடி வருகிற உற்றார் உறவினர்களும் அந்தப் பின்பக்கமாகவே வருவார்கள்.

அவள் திருமங்கலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். ஊருக்கு வித்தை காட்ட வந்தவரோடு புறப்பட்டு வந்துவிட்டவள். தாய் முன்னமே போய்விட்டாள். தகப்பனார் அன்றிலிருந்து மகள் பேரை வாயில் எடுக்கவில்லை. "எங்கய்யா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும் தம்பி. வஞ்சாக்கூடச் சரிதான்" என்பாள். அழகர் ஆற்றில் இறங்கும்போது அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் வண்டி கட்டி வருவார்கள். தலை தாம்பாளத்தில் இருந்தாலும் அக்காவின் கண் கூட்டத்தில் உருமால்களுக்கு அடியில் இருக்கும் முகங்களைத் தேடிக்கொண்டிருக்கும். எத்தனையோ சித்திரை அப்படிப் போயிருந்தது.

அந்த வருஷம், அவள் ஊருக்குப் போய்வரும் வளையல்காரர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினாள். பதிலும் வந்தது. "வாரேன்னுட்டாரும்மா. சாமி எறங்குன மறுநாள் வாராராம்." அக்கா அன்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு அழுதாள்.

சாமி இறங்கிய மறுநாள் விடிந்ததும் தலைமுழுகி, பெட்டியின் அடியில் கிடந்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அய்யாவுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். படுதாவை விலக்கி விலக்கிப் பார்த்தாள். வெயில் ஏறியது, ஆள் வரவில்லை. வாசலில் கூட்டம் நெருக்கியது. மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். சேலையைக்கூட மாற்றாமல் மேஜைக்கு அடியில் போய் முழங்காலிட்டாள். கழுத்துக்குக் கீழே எந்தச் சேலையாக இருந்தால் என்ன?

எங்களுக்கு உறைக்காத ஒன்று உண்டு. பின்வாசல் என்பது எங்களுக்குத்தான் வீட்டு வாசல். மானமுள்ள ஒரு சம்சாரிக்கு அது திருடன் நுழைகிற வழி. வளையல்காரர் பின்பக்கம் என்று சொல்லியிருந்தும் அந்தப் பெரியவர் எல்லாரையும் போல முன்வாசலில் நின்று உள்ளே வந்தார்.

அக்காவின் கண் ஓரிடத்தில் நிலைத்து நின்றதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் பார்த்தேன். நெட்டையான ஒரு கிழவர். வெள்ளை உருமால், கையில் ஓலைக் கொட்டான். தாம்பாளத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு அவர் முகம் தெரியாது. உடம்பு உண்டா, இல்லை. பசி உண்டா, இல்லை. "தாய் தகப்பன் உண்டா?" அக்கா பேசவில்லை. உதடு மட்டும் துடித்தது. வசனம் மறந்துவிட்டாள் என்று நினைத்து மாஸ்டர் இன்னும் உரக்கக் கேட்டார்.

"இல்லை" என்றாள். எப்போதும் போல, மணி அடித்த மாதிரி.

அடுத்த கணம் அவள் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஏது? "ஏய், தல அழுவுதுடி!" என்று யாரோ கத்த, கொட்டகையே கைதட்டியது. நான் பாவி, பழக்கத்தில் வடையோடு விழுந்து எழுந்து அவள் பக்கத்தில் போய்விட்டேன். வடையைக் கடித்தும் விட்டேன். அப்போதுதான் உதடு அசையாமல் முணுமுணுத்தாள்: "தம்பி, அது எங்கய்யா." திரும்பிப் பார்த்தால் ஓலைக் கொட்டான் கயிற்றுக் கம்பத்தின் அடியில் இருந்தது. அவரைக் காணோம்.

கொட்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே வெள்ளரிப் பிஞ்சுகள், வாடாமல் ஈரத்துணி போர்த்தியிருந்தது. "அய்யா! அய்யா!" என்று நான் கத்தக் கத்த, பபூன் புது விளையாட்டுக் காட்டுகிறான் என்று பிள்ளைகள் என் பின்னால் "அய்யா! அய்யா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். எதிரே வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவழியாக அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினேன். அக்காவுக்குக் கையும் காலும் இருக்கிறது, சுங்குடிச் சேலை கட்டியிருக்கிறாள், குழம்பு வைத்திருக்கிறாள் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே எப்படிச் சொல்வேன்? அவர் காதோரம் குனிந்து, "அது வெறும் வசனம்யா. பின்னாடி வாங்க, அக்கா ஒங்களுக்காகத்தான் காத்துக்கெடக்கு" என்றேன். அவர் என் சாயம் பூசிய முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த வடையைப் பார்த்தார். கோபமே இல்லை.

"தகப்பன் இல்லேன்னு சொன்ன பிள்ளைய நான் யாரா இருந்துப்பா பாக்குறது?" என்றார். "பிஞ்சு அதுக்குத்தான். குடுத்துரு."

அதற்குள் அடுத்த கூட்டத்தை உள்ளே விட்டிருந்தார்கள். நான் திரும்பிவந்தபோது அக்கா தாம்பாளத்தில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பொழுது சாய்ந்தபின் வெள்ளரிப் பிஞ்சை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "உண்டுன்னுதான் தம்பி வாயெடுத்தேன். இல்ல இல்லன்னே அம்புட்டு நாளும் பழகுன நாக்கு, அதுவாச் சொல்லிருச்சு." மாஸ்டர் அன்றே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். சனங்கள்தான், "அழுகுற தலைன்னு சொன்னாகளே, அழச் சொல்லுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா அதற்குப் பிறகு யார் முன்னாலும் அழவில்லை.

அடுத்த சித்திரைக்கு முன்பே பெரியவர் போய்விட்டார் என்று வளையல்காரர்தான் வந்து சொன்னார். மாஸ்டர் அந்த ஊருக்குள் கால் வைக்கக் கூசியதால் நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சாயம் இல்லாத என் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. அடித்து விரட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனோம். ஆனால் ஒதுங்கி வழி விட்டார்கள். அக்கா அய்யாவின் காலடியில் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுடைய அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார். அழுது அழுது அவர் குரல் கட்டியிருந்தது.

"போன சித்திரைக்கு ஒன்னயத் தேடி மதுரைக்கு வந்தாரு ஆத்தா. பிஞ்செல்லாம் அவரே பறிச்சாரு. அங்க கூட்டத்துல ஒங்க கொட்டகை ஆப்புடவே இல்லையாம், சுத்திச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டேன்னாரு. எம்மகளுக்கு நான் வந்ததே தெரியாதுடா, தெரிஞ்சா விட்டிருப்பாளான்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

அக்கா அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாதுண்ணே" என்றாள். "அன்னைக்குக் கூட்டம் ரொம்ப."

சொல்லிவிட்டு அய்யாவின் இரண்டு கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்போது அவள் எழுப்பிய ஓலத்தில் கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்திவிட்டார்கள்.