நிலையம்தான் வரவேண்டும்

என் மனைவி சுதர்சினியைப் பற்றி நல்லவிதமாகத் தொடங்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவள் பிடிவாதக்காரி. உக்குவளை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை செய்கிறாள். அடையாள அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் பிரதி எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், "ரெண்டு பக்கமும் கேப்பாங்க, பொறகு திரும்பி வருவீங்க" என்று இரண்டையும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். வந்தவர் முறைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. வீட்டில் என் நிலைமை எப்படி என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிறந்தது எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். கொழுந்து பறித்த அம்மாவும், அண்ணன் சசிக்குமாரும்தான் அவளுக்கு எல்லாம். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்து இவளைப் படிக்க வைத்தார். எங்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியதும் அவர்தான். பிறகு ருமேனியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். போவதற்கு முன்னால் தன் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்து, தங்கைக்கு ஒரு விளையாட்டையும் பழக்கிவிட்டுப் போனார். அவர் அங்கே வேறொன்று வாங்கிக்கொள்வாராம், ஒரே உலகத்தில் ரெண்டு பேரும் இருக்கலாமாம். நல்ல மனுசன், செய்த வேலை மட்டும் எனக்கு வினையாக முடிந்தது.

அது விண்வெளியில் கட்டுமானம் செய்கிற விளையாட்டு. சண்டை இல்லை, பேய் இல்லை. பாறையைக் குடைந்து உலோகம் எடுத்து, கட்டை கட்டையாக அடுக்கிக் கப்பலோ நிலையமோ கட்ட வேண்டும். அண்ணன் பெரிய கட்டைகளால் ஒரு நிலையத்தைக் கட்டினார். இவள் சின்னக் கட்டைகளால் ஒரு ஓடம் கட்டினாள். முக்கால்வாசி நாள் அந்த ஓடத்தில் மின்சாரம் இருக்காது. நிலையத்தோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அங்கிருந்தே மின்சாரம் வந்து அந்தக் கஷ்டம் தீரும்.

இதற்கிடையில் சுதர்சினியின் அம்மா, என் மாமி, தவறிப்போனார். மகன் வரவில்லை. "வர முடியல்ல" என்று போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மகன் செய்ய வேண்டிய காரியங்களையெல்லாம் மருமகன் நான் செய்தேன். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சுதர்சினி அன்றிலிருந்து அண்ணனுடைய போனை எடுப்பதில்லை.

ஆனால் விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே அண்ணனும் வந்திருப்பார். பேசுவார்கள். ஹெட்போனைத் தாண்டி அவர் குரலும் லேசாகக் கேட்கும். என்ன பேச்சு? "தகடு இருக்கா?" "இருக்கு." "கொண்டா." "வச்சிருக்கேன், எடுத்துக்க." சாப்பிட்டாயா, சுகமா என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு கடைக்காரர்கள்கூட இதைவிடப் பாசமாகப் பேசுவார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் மகள் தக்சிகாவின் காது விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜனவரியில் ஸ்கூலுக்குப் போகப்போகிறாள், இன்னும் காது குத்தவில்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். அவர்தான் வந்து, தோடு போட்டு, மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுப் பெண்கள், "என்னா, புள்ளைக்கு இன்னும் காது குத்தல்லயா?" என்று கேட்கிறார்கள். அதற்கு நான் முழிக்க வேண்டியிருக்கிறது.

"யட்டவத்தயில உன் பெரியப்பா மகன் இருக்காரே, அவர் மடியில வச்சுக் குத்துவோம்" என்றேன்.

"என் கூடப்பொறந்தவன் உயிரோட இருக்கான்."

"அப்ப அவரக் கூப்புடு."

"நான் ஏன் கூப்புடணும்? தாய்மாமனுக்குத் தெரியாதா? அவனா கேட்டு வரணும்."

இதற்குமேல் மனுசன் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் ஓடத்தை நிலையத்தோடு பொருத்தும் வேலை வந்தது. அந்த விளையாட்டில் பெரிய கட்டையும் சின்னக் கட்டையும் நேராக ஒட்டாது. தலைகீழாக நின்றாலும் ஒட்டாது. நடுவில் ஒரு சுழல் மூட்டு வேண்டும். அதற்கு அடிப்பாகம் ஒன்று, தலை ஒன்று. இரண்டையும் உரசுகிற அளவுக்குக் கிட்ட கொண்டுவந்து பூட்ட வேண்டும். ஓடத்தை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. உலகத்தில் இந்த விளையாட்டை விளையாடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

சுதர்சினி மாட்டேன் என்றாள். "பொறந்தவன்தான் தங்கச்சி வாசலுக்கு வரணும். நான் போக மாட்டேன்."

"அது நிலையம், சுதா. பாறையில நட்டு வச்சிருக்கு. நகராது."

"நகரவைக்கட்டும்."

விளையாட்டிலும் சீர்வரிசை முறை பார்க்கிற பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அண்ணன் ஒத்துக்கொண்டார். நிலையத்தைப் பாறையிலிருந்து வெட்டிப் பிரித்து, அடியில் எஞ்சின்களைப் பொருத்தத் தொடங்கினார். ஞாயிறு ஞாயிறாக அந்த வேலை நடந்தது. மழைக்காலம் வந்து, வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. அதைப் பார்க்க ஆளில்லை. அங்கே ஒரு நிலையத்துக்குச் சக்கரம் வைக்காத குறைதான்.

கடைசியில் அது வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் ஓடத்தில் மோதி ஒரு பக்கத்து இறக்கையைப் பெயர்த்துக்கொண்டு போனது. சுதர்சினி இறக்கையைத் திரும்பக் கட்டினாள். அதற்கு இன்னும் சில ஞாயிறுகள். திரும்பவும் கிட்ட வந்தார்கள். பூட்டவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். இரண்டும் நடுங்கிக்கொண்டு நின்றனவே தவிர ஒட்டவில்லை.

நான் வேலை செய்கிற வாசனைப் பொருள் கடையில் மிளகும் கராம்பும் நிறுத்துவிட்டு, ஆள் வராத நேரத்தில் போனில் அதற்கு வீடியோ தேடிப் பார்த்தேன். என் தலையெழுத்து. ஒரு சிங்களப் பையன் விளக்கமாகச் சொன்னான். மூட்டின் அடிப்பாகம் பெரிய பக்கத்தில் இருக்க வேண்டும், தலைதான் சின்ன பக்கத்துக்கு. இவள் அடிப்பாகத்தைத் தன் ஓடத்தில் வைத்துக்கொண்டு இத்தனை நாளும் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். "அடிப்பாகத்தக் கழட்டு. அத உன் அண்ணன் வைக்கணும்."

"அப்ப அவன் வைக்கட்டும்."

"அவருக்குத் தெரியாதுல்ல. சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்?"

அவ்வளவுதான். அவள் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி நானே மைக்கில் சொன்னேன். "மச்சான், நான் ராமநாதன் பேசுறேன். அடிப்பாகத்த உங்க பக்கம் வைங்க. எஞ்சின எல்லாம் நிப்பாட்டுங்க. அவ தலைய மட்டும் வச்சுக்கிட்டு சும்மா நிப்பா."

மாமியின் காரியத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "சரி மச்சான்" என்றார். கொஞ்ச நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். பிறகு திரையில் ஓடம் லேசாக அசைந்து, நிலையத்தோடு பூட்டிக்கொண்டது. ஓடத்தின் விளக்குகளெல்லாம் எரிந்தன.

சுதர்சினியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஹெட்போன் இன்னும் என் தலையில்தான் இருந்தது.

"ஏன் மச்சான், இம்மாம் பெரிய தகரத்த இங்க வரைக்கும் தள்ளிக்கிட்டு வர ஏலும், ஒரு பிளேன்ல ஏறி வர ஏலாதா? பெத்தவங்க செத்ததுக்கும் வரல்ல. உங்க மருமகளுக்கு இன்னும் காது குத்தல்ல. இவ வேற யாரு மடியிலயும் வைக்க விட மாட்டேங்குறா."

சுதர்சினி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

"மச்சான்," என்றார் அண்ணன். "சுதாவுக்கும் கேக்குறாப்ல போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்கிட்ட பேப்பர் இல்ல சுதா. முதல் தொழிற்சாலையில அடிச்சாங்க, வெளிய வந்துட்டேன். அதோட விசா போயிருச்சு. இப்ப வேற இடத்துல ஒளிஞ்சு வேல செய்றேன். இந்த நாட்ட விட்டுப் போனா திரும்பி உள்ள வர ஏலாது. அம்மா செத்தப்பவும் அதான் வரல்ல. உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல்ல. வக்கீல் ஒருத்தர் மனு போட்டிருக்காரு, எப்ப முடியும்னு அவருக்கே தெரியாது. நீ வான்னு சொன்னா வாறேன். வந்தா வந்ததுதான். சொல்லு."

அத்தனை வருடம் அந்த மனுசனை நான் திட்டாத வார்த்தை இல்லை. வெட்கமாக இருந்தது.

கூப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் வந்துவிடுவார். சுதர்சினி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வராதண்ணே," என்றாள். "பேப்பர எடுத்துக்கிட்டு வா. புள்ள காது எங்கயும் போயிராது. ஸ்கூல்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

ஸ்பீக்கரில் புதுக் குரல் கேட்கவும், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த தக்சிகா உள்ளே வந்தாள். யாரென்று கேட்டாள். மாமா என்றேன். அவள் மைக்குக்குக் கிட்ட போய் நின்றாள்.

"மாமா, காது குத்துனா வலிக்குமா?"

"வலிக்கும் சாமி," என்றார் அண்ணன். "மாமா புடிச்சுக்குவேன்."

"அப்ப கெதியா வாங்க. நான் அழமாட்டேன்."

ஸ்பீக்கர் வழியாக அவர் அழுவதை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.