படம் இல்லாதவருக்கு ஒரு வேட்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். மளிகைக் கடையில் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் அடுக்குவதுதான் என் வேலை. நாலு பேர் கூடினால் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவன், நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் எனக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மேல் பொறாமை வந்தது. செத்துப்போன ஒரு பையன் மேலும் வந்தது. அதை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை.

என் மனைவி ஹூஸ்டனில் நர்ஸ். அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். வீடு பக்கத்தில் பேர்லேண்டில். பதினைந்து வயது மகளைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. காரில் இருக்கும் இருபது நிமிடம்தான் அவளுக்கும் எனக்குமான நேரம். "ஸ்கூல் எப்படிம்மா?" என்பேன். "ஃபைன்" என்பாள். பிறகு அவள் போன், என் ரோடு.

இந்த வருடம் அவளுக்கு வரலாறு எடுக்க ஓர் ஆஸ்திரேலியர் வந்தார். ஆறு வாரம் அவர் தன் நாட்டுக்காரர்கள் உலகப் போர்களில் பட்டதைப் பாடமாக நடத்தினார். போர்க்களத்தை விட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார் போலிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆளைக் கொடுத்தார். ஒருத்திக்கு ஒரு நர்ஸ், இன்னொருவனுக்குக் குதிரை பார்த்துக்கொண்ட சிப்பாய். ஆளுக்கு ஒரு புகைப்படம், கடிதங்களின் நகல், டைரிப் பக்கங்கள். ஆறு வாரமும் அந்த ஆளோடு இருந்து, கடைசியில் வகுப்பில் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

என் மகளுக்குக் கிடைத்தவன் இருபது வயதுப் பையன். ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். ஜப்பான்காரர்களிடம் கைதியாகி, சயாம் காட்டில் ரயில் பாதை போடப் போய், அங்கேயே செத்தவன். அவன் படத்தை எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காரில் இப்போது அவள்தான் பேசினாள். அவனுக்கு ப்ளம் ஜாம் பிடிக்குமாம். அவன் நாய் கிணற்றில் விழுந்து பிழைத்ததாம். 'சார் சொன்னார்' என்று ஆரம்பிக்காத பேச்சே இல்லை.

ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது.

என் தாத்தா, அப்பாவின் அப்பா, மலாயாவில் ரப்பர் தோட்டக் கூலி. ஊருக்கு வந்திருந்தவர், என் அப்பா வயிற்றில் இருக்கும்போதே கப்பலேறித் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார். போர் வந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி அதே சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். உடன் போய்த் திரும்பிய ஒருவர் ஊருக்கு வந்து சொன்னது அவ்வளவுதான். என்றைக்குச் செத்தார், எங்கே புதைத்தார்கள், தெரியாது. உயரமா குள்ளமா என்று சொல்லக்கூட ஆள் இல்லை. செத்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. அப்பா அன்றுதான் படைப்பார். படம் இல்லாததால் மடித்த புது வேட்டியில் சந்தனப் பொட்டு வைத்து, அதற்கு முன் இலை போடுவார். அதை நானும் பேர்லேண்டில் செய்கிறேன்.

பெற்றோரை அழைத்த மாலையில் அந்த வாத்தியார் ஒவ்வொருவரிடமும் கேட்டார், உங்கள் குடும்பத்தில் போரைப் பார்த்தவர்கள் உண்டா என்று. எனக்கு முன்னால் நின்றவர் தன் பெரியப்பா ராணுவத்தில் இருந்ததைச் சொன்னார். வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. துப்பாக்கி பிடித்தவரைச் சொன்ன இடத்தில் மண்வெட்டி பிடித்தவரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "நோ சார். நோபடி" என்றேன். மகள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து காரில் டைரி நகலைப் படித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். பக்கத்து முகாமில் தமிழர்கள் காலராவில் சாகிறார்கள் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான்.

"அப்பா, தமில்ஸ்னா நாமளா?"

எவ்வளவு நல்ல சமயம். சொல்லியிருக்கலாம். ஆனால் என் தாத்தாவைப் பற்றி அவள் கேட்பதற்குக்கூட அந்தப் பையன் எழுதி வைத்த வரி வேண்டியிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

"அவங்கெல்லாம் மலாயாக்காரங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை அவள் வகுப்பில் பேச வேண்டும். வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் இலையில் வைத்தாயிற்று. வேட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தால், மகள் ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்து வேட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஹீ ஹேட் நோ கிட்ஸ், அப்பா. இவனுக்கு யாரும் இது பண்ண மாட்டாங்க. இங்க இருக்கட்டுமே."

படத்தை வெடுக்கென்று எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். "அவனுக்குக் கல்லறை இருக்கு. கல்லுல பேரு இருக்கு. இங்கயும் வந்து உக்காரணுமா? இது நம்ம ஆளுக்கு மட்டும்தான்."

"ஹூ இஸ் நம்ம ஆள்? இட்ஸ் ஜஸ்ட் எ வேட்டி."

சமையலறை வாசலில் இருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ கேக்கறதுல என்னங்க தப்பு? வருசா வருசம் வேட்டிக்குச் சோறு போடறீங்க. அது யாருன்னு அவகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? கடையில கத்திரிக்காய்கிட்டப் பேசறதுல பாதியாவது பேசுங்க."

பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. சொன்னேன். தெரிந்ததே கொஞ்சம் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்கிட்ட நோபடின்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒய்?"

"கூலிதானம்மா. சோல்ஜர் இல்ல."

"காருல நான் கேட்டப்பவும் சொல்லல."

அந்தப் பையன் மேல் பொறாமை என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது. அவள் எழுந்து போனாள். அறைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். தாத்தாவின் பேர் என்ன, ஊர் எது, எந்தத் தோட்டம். தோட்டத்தின் பேர் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே கேட்டாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து முகாமா என்றாள். இருக்கலாம், தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

கொல்லையில் சோறு வைத்தோம். இங்கே காக்கைக்குப் பதில் நீண்ட வாலோடு ஒரு கருப்புப் பறவை வரும். இரண்டு வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்றன. திரும்பி வந்தபோது படம் மறுபடி வேட்டியின் பக்கத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. பிடித்துப்போய் விட்டுவைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

படைத்த வேட்டியை அன்றே நான் கட்டிக்கொள்வது வழக்கம். "நாளைக்கு எனக்கு வேணும்" என்று அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவளைக் கூட்டி வரப் போனேன். ஆறு நிமிடத்தில் பேச வேண்டியதைப் பத்து நிமிடம் பேசினாளாம். வாத்தியார் அந்தப் பையன், என் தாத்தா இரண்டு பேரின் பெயரையும் பலகையில் எழுதினாராம். மார்க் இன்னும் போடவில்லை. வேட்டியைத் திருப்பிக் கொடுத்தாள், மடிப்பு மாறியிருந்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.