ஆர்தருக்கு வந்த அழைப்பு

குடும்பப் பெயர் இல்லாதவர்களை லண்டன்காரர்களின் இணைய விண்ணப்பம் மனிதர்களாகவே மதிப்பதில்லை. மோனிக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள், சிவப்பாகக் கோபித்துக்கொண்டது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள், அதையும் ஏற்கவில்லை. அடையாள அட்டையான ஐசியில் இருப்பதுபோல ‘மோனிக்கா ஏ/பி ஆர்தர்’, அதாவது ஆர்தரின் மகள் மோனிக்கா என்று முழுதாக அடித்தால், நடுவில் உள்ள சாய்கோடு ஆகாதாம். கடைசியில் மலேசியத் தமிழர்கள் எல்லோரும் அலுத்துப்போய்ச் செய்வதையே அவளும் செய்தாள். அப்பாவின் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டாள். விண்ணப்பம் சாதுவாக அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பினாங்கின் பாயான் பாருவில், தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கும் தெருவில், அம்மா அமலம்மாளோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். மாலையில் டியூஷன், மற்ற நேரமெல்லாம் முனைவர் பட்ட ஆய்வு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி, வந்து சேராமலே இறந்து, நடுக்கடலில் இறக்கப்பட்டவர்களைப் பற்றியது அது. அந்தக் கப்பல்களின் ஆவணங்கள் லண்டனில் கிடந்தன. ஓராண்டு அங்கே உட்கார்ந்து பார்க்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. அவளுக்கு இருந்த ஒரே வழி, அங்குள்ள ஓர் அறக்கட்டளை தரும் உதவித்தொகை.

அது கிடைத்தாலும் அம்மா விடவேண்டும். “நீ லண்டனும் போவேணாம், ஒண்ணும் போவேணாம்லா,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் அமலம்மாள். “இந்த வீட்டுல இருந்து ஒருத்தர அனுப்பினது போதும்.”

அனுப்பப்பட்டவர் ஆர்தர். பினாங்குக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரியில் கயிறு வீசிக் கட்டும் வேலை பார்த்தவர். “ஆயுசுக்கும் கப்பல்ல வேல, ஆனா ஒரு ஊருக்கும் போனதில்ல,” என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொள்வார். கோவிட் உச்சத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர், பிளாஸ்டிக்கில் சுற்றி மூடிய பெட்டியில் நேரே கல்லறைக்குப் போனார். அமலம்மாளையும் அப்போது காய்ச்சலோடு அடைத்து வைத்திருந்தார்கள். மோனிக்கா மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

“பெட்டிக்குள்ள அப்பாதான்னு நீ கண்ணால பாத்தியா?” என்று அமலம்மாள் பிறகு கேட்டாள். மோனிக்காவால் ஆமென்று சொல்ல முடியவில்லை. அதோடு சரி. கல்லறையில் இன்றும் மரச்சிலுவைதான். பெயர் பொறித்த கல் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. நவம்பரில் கோயில் ஜனமெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கும்போது இவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆர்தரின் ஹேன்போன் மட்டும் எப்போதும் சார்ஜில் இருக்கும். மாதாமாதம் காசு போட்டு அதற்கு ரீலோடும் ஆகும்.

அறக்கட்டளையிலிருந்து முதல் மின்னஞ்சல் வந்தபோது மோனிக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. ‘அன்புள்ள ஆர்தர், உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்றிருந்தது. சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி எங்கே போனதோ, அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் அதை வாசித்துக் காட்டினாள்.

அமலம்மாளின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே நின்றது. “அப்பா பேருக்கா வந்திருக்கு?”

“பேர மாத்திப் போட்டுட்டாங்கம்மா. அவங்களுக்கு முதப் பேரு எது, கடைசிப் பேரு எதுன்னு தெரியல.”

“ம்,” என்றாள் அம்மா. அன்று சோற்றுத் தட்டுகள் மூன்று வைக்கப்பட்டன.

பெயரைத் திருத்தச் சொல்லி மோனிக்கா அன்றே எழுதினாள். ‘அன்புள்ள ஆர்தர், சிரமத்துக்கு வருந்துகிறோம், திருத்திவிட்டோம்’ என்று பதில் வந்தது. இந்தமுறை சிரிப்பு வரவில்லை. அடுத்தடுத்த கடிதங்களிலும் ஆர்தரின் நலத்தை விசாரித்தார்கள், ஆர்தரின் ஆய்வைப் பாராட்டினார்கள், ஆர்தர் எப்போது பேச வசதிப்படுவார் என்று கேட்டார்கள். செத்துப்போன மனிதரை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. அமலம்மாளோ, மகள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், “அப்பாவுக்கு ஏதும் வந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தாள்.

வீடியோவில் நேர்காணல் ஒரு புதன்கிழமை மாலை. ‘ஜெபம் பண்ணுங்க’ என்று எழுதி, அறக்கட்டளையின் அழைப்பை, அதிலிருந்த இணைப்போடு அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள் மோனிக்கா. அந்தக் குழுவிலிருந்து அப்பாவின் நம்பரை யாரும் நீக்கவில்லை என்பது அவளுக்கு நினைவில்லை. அம்மா, கோயிலில் நொவேனா ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நரைமுடிப் பெண்மணிதான் தலைவி. “வணக்கம் ஆர்தர்,” என்றவள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “வெளியே இன்னொரு ஆர்தரும் காத்திருக்கிறார். உள்ளே விடட்டுமா? உங்களுடைய இன்னொரு போனா?” என்று கேட்டாள்.

மோனிக்கா பதற்றத்தில் ஆமென்று தலையாட்டிவிட்டாள்.

கறுப்பாக ஒரு சதுரம் வந்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் கீழே ‘ஆர்தர்’ என்று எழுதியிருந்தது. உள்ளேயிருந்து கனமான இயந்திரச் சத்தமும், நடுவே தண்ணீர் சளப் சளப்பென்று அடிப்பதும் கேட்டன. மோனிக்கா வந்த கேள்விகளுக்கெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். பிறகு தலைவி கேட்டாள்: “கடலில் இறக்கப்பட்டவர்களைத் தேடி இன்று யாரும் வரப்போவதில்லை. நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்?”

அதற்கு அவள் ஒரு பதில் தயாரித்திருந்தாள். அது வாயில் வரவில்லை. அந்த அமைதியில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

தலைவி கறுப்புச் சதுரத்தின் பக்கம் பார்த்தாள். “சொல்லுங்கள் ஆர்தர்,” என்றாள் மரியாதையாக.

மோனிக்கா சொன்னாள். வேலிக்கு வெளியே நின்ற நாளைச் சொன்னாள். வெள்ளை உடுப்பு போட்டவர்கள் பெட்டியை இறக்கியதைச் சொன்னாள். முகம் பார்க்காமல் அனுப்பப்பட்ட ஒருவருக்காக ஒரு வீட்டில் இன்னமும் தட்டு வைக்கப்படுவதைச் சொன்னாள். “கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கும் ஊரில் தட்டு வைத்திருப்பார்கள். யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும்,” என்றாள். அழுதுவிடக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது கறுப்புச் சதுரம் போயிருந்தது.

எழுந்து நேரே திருஇருதயப் படத்துக்கு ஓடினாள். சார்ஜர் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அமலம்மாள் வந்தாள். கைப்பையிலிருந்து ஆர்தரின் ஹேன்போனை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். நொவேனாவுக்குப் போகவில்லை என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போய், இறங்காமல் திரும்பியிருக்கிறாள்.

“அவருக்கு இண்டர்வியூன்னு போன்ல வந்திருந்துச்சு. வீட்டுல கூப்புட்டா எப்படிப் பேசுவாரு? அவரு எடத்துக்குக் கொண்டுபோனேன். அந்த நீல எழுத்த அமுக்குனேன். அவ்ளதான்.”

மோனிக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. இயந்திரமும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டதல்லவா. “சரி, எதுக்கும்மா கனச்சீங்க? நான் பயந்தே போய்ட்டேன்.”

“நானா?” அமலம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் வாயே தொறக்கல. உன் பக்கம் இருந்துல்ல கேட்டுச்சு. அப்பா உன் பக்கத்துல உக்காந்துட்டாருன்னு நெனச்சுத்தான் போன அணைச்சேன்.”

சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

‘அன்புள்ள ஆர்தர், மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்’ என்ற கடிதம் மறுமாதம் வந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மோனிக்கா தவித்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சோஃபியா சின்னம்மாவைத் துணைக்கு வரவழைத்துத்தான் வாயைத் திறந்தாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அமலம்மாள் அலமாரியைத் திறந்து ஆர்தரின் கம்பளிச் சட்டையை எடுத்து உதறினாள்.

“ஒன்னத் தனியா அனுப்பத்தான் எனக்குப் பயம். அவரு கூட வர்றாருன்னா நீ போலா.”

“அக்கா, மாமா செத்துப்போய்ட்டாருக்கா,” என்று சின்னம்மா மெதுவாகச் சொன்னாள். அமலம்மாள் காதில் போட்டுக்கொள்ளாமல் சட்டையை மடித்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் லண்டன் கைநழுவிப் போய்விடும் என்று மோனிக்காவுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. எது உண்மை என்று அவளுக்கே அத்தனை நிச்சயமாகத் தெரியவில்லை.

விமான நிலையத்தில் அமலம்மாள் அழவில்லை. மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். ஆர்தரின் ஹேன்போனை அவள் பைக்குள் வைத்தாள். “இனி எதுக்கு இது எங்கிட்ட? அவரோட இருக்கட்டும்.” பிறகு கையை உயர்த்தி, மகளுடைய தோளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் ஆள் உயரத்தில், காற்றிலும் ஒரு சிலுவை போட்டாள். அந்த ஆஸ்பத்திரி வாசலில் போட முடியாமல் போன சிலுவை அது.

“ரெண்டு பேரும் பத்திரமா போய்ட்டு வாங்க.”

கோலாலம்பூர் போய் லண்டனுக்கு மாறவேண்டும். அந்தச் சின்ன விமானத்தில் மோனிக்காவுக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்து இருக்கைக்குக் கதவு சாத்தும்வரை யாரும் வரவில்லை. விமானம் எழும்பியபோது கீழே கடல் தெரிந்தது. நடுவில் ஒரு ஃபெரி பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பையைத் திறந்து அப்பாவின் ஹேன்போனைப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது.

அப்போது பக்கத்து இருக்கையில், ஏதோ சொல்லப்போவதுபோல, தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

மோனிக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.

“தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டாள்.