துடைத்தால் போகும் கலர்

ஆறுச்சாமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதான் பார்க்கிறேன். வாய் வரமாட்டேன் என்கிறது. போகட்டும், நேராக அவன் பெண்டாட்டி மருதாத்தாளிடமே போய்விடுவோம்.

பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எருத்தேன்பதியில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவள் மருதாத்தாள். சின்ன வயதில் பெரியம்மை கண்டு, இது தேறாது என்று வீட்டாரே கைவிட்டபின் எழுந்து உட்கார்ந்தவள். கன்னங்களிலும் மூக்கு நுனியிலும் மோவாயிலும் வடுக்கள் தங்கிவிட்டன. இடது புருவத்தின் நடுவே விழுந்த வடு, புருவத்தையே இரண்டாக வெட்டியிருந்தது. ரவிக்கை தைக்க வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அளவெடுக்கும் டேப்பாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. கட்டிய புருஷனோடு ஒரு கூரைக்குக் கீழே குடும்பம் நடத்தவில்லை. ஆறுச்சாமிக்கு மூணாறு மலைமேல் சித்திரபுரத்தில் கரண்டு ஆபீஸ் வேலை. மாரியம்மன் நோம்பிக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், கறிச்சோறு தின்றுவிட்டு மலையேறிவிடுவான். கூட்டிப் போகச் சொன்னால், "குவார்ட்டர்ஸ் கெடைக்கோணுமல்ல? நாலு ஆம்பளைங்க படுத்திருக்கற ரூம்புல உன்னையக் கொண்டுபோயி எங்க வெக்கட்டும்?" என்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. இவளும் நம்பிக்கொண்டே ஊராருக்கு ரவிக்கை தைத்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் நோம்பிக்கு வந்தவன், தானாகவே பேச்சை எடுத்தான்.

"இந்தா புள்ள, குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கறேன். சம்சாரத்தோட போட்டோ வேணுமாமா. பெருசா, லட்சணமா எடுத்து வெய்யி. தீவாளிக்கு வந்து வாங்கிக்கறேன்."

"ஏனுங்க, அதுக்கெதுக்குங்க பெருசு?"

"சின்னதா இருந்தா பைலுக்குள்ள எங்கியாச்சும் பூந்துக்கும்."

மருதாத்தாளுக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பதிலைச் சல்லடையில் போட்டுச் சலிக்கத் தோன்றவில்லை. சலித்திருந்தால் கல்லு கல்லாக விழுந்திருக்கும்.

மறுவாரமே தாலுகா ஊரான சித்தூருக்குப் போய் ஸ்டூடியோவில் உட்கார்ந்தாள். ஸ்டூடியோ வைத்திருந்தவர் கல்பாத்திக்காரர், வெங்கடேஸ்வரன் என்று பெயர். கழுத்தைச் சாய்க்கச் சொல்லி, மோவாயைத் தூக்கச் சொல்லி, ஒருவழியாக எடுத்தார். நாலு நாள் கழித்துப் போய், பெரிதாக்கிய படத்தை வாங்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் விழுந்த விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வடுவும் குழியாகத் தெரிந்தது. 'இதைப் பார்த்தால் அந்த ஆபீசர் வீடு கொடுப்பானா, ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுப்பானா' என்று நினைத்தாள். முதல் தடவையாக அவளுக்குத் தன் முகத்தின்மேல் கோபம் வந்தது.

"இந்தக் குழியெல்லாம் எடுத்துத் தரமாட்டீங்களாங்க?"

"டச்சப் பண்ணற ஆள் பாலக்காட்லன்னா இருக்கான். கல்யாண சீசன், கையொழியாது. தீபாவளி கழிஞ்சு பார்க்கலாம்."

"அப்ப சாமானத்தக் குடுங்க. ஊட்டுல வெச்சு நானே பண்ணிக்கறேன்."

வெங்கடேஸ்வரன் சிரித்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா, வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்புவாரா? உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாக எடுத்துவந்து மேஜைமேல் பரப்பினார்.

முதலில் காட்டியது பென்சிலும் கத்தியும். "இது நெகட்டிவ்லயே பண்றது, கேட்டேளா. கத்தியால சொரண்டணம். படிஞ்ச கை வேணம்."

"தப்பாப் போனாங்க?"

"நெகட்டிவ் போச்சு."

அதைத் தள்ளி வைத்தாள். அடுத்தது ஒரு குட்டிப் புத்தகம். தாளெல்லாம் கலர். ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் போட்டால் கலர் இறங்கும், அதைப் பிரஷ்ஷில் தொட்டுப் படத்தின்மேல் பூசினால் காகிதத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். "இதான் ஒசத்தி. காலத்துக்கும் நிக்கும். இதையே வாங்கிக்கோங்கோ" என்று ஆசை காட்டினார்.

"தப்பாப் போனாங்க?"

"உள்ள போனது போனதுதான். தண்ணி விட்டுக் கழுவினாலும் வராது."

அதையும் தள்ளினாள். கடைசியில், விற்கவே மனமில்லாததைப்போல ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். வட்ட வட்டமாகக் கலர் கட்டிகள். வெள்ளை, கறுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு. "இது சும்மா மேலயே நிக்கும். பள்ளத்தை மூடலாம், கறுப்பை வெளுப்பாக்கலாம். தப்பாச்சுன்னா ஈரப் பஞ்சால ஒரு தொடை, பழைய படம் வந்துடும். கண்ணாடி போட்டு வெச்சுட்டேள்னா ஒண்ணும் ஆகாது. கத்துக்கறவாளுக்கு இதுதான் சுகம், ஆனா..."

"ஆனாவும் வேண்டாம் ஊனாவும் வேண்டாமுங்க. இதையே கட்டிக் குடுங்க."

தப்பாப் போனா என்ன பண்றது என்று ஒரு கலர் டப்பாவுக்கு இத்தனை விசாரித்தவள், கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் ஆறுச்சாமியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். யார் கேட்டார்கள் அதெல்லாம்?

தையல் மெஷின் பலகைமேல் ஜன்னலோரமாகப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வைத்த வெள்ளை, கன்னத்தில் காக்காய் எச்சம்போல விழுந்தது. துடைத்தாள். சாம்பலைக் கூடக் கலந்தாள். தேமல் மாதிரி ஆயிற்று. துடைத்தாள். அப்புறம்தான் ரகசியம் பிடிபட்டது. பக்கத்துத் தோல் என்ன நிறமோ அதே நிறத்தைக் கலந்து, இழுக்காமல், பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். காஜா எடுக்கிற கைக்கு அது ஒரு வித்தையா? வடுக்கள் ஒவ்வொன்றாக மூடின. வெட்டுப்பட்ட புருவம் ஒன்று சேர்ந்தது. சும்மா இருந்தாளா? நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைத்தாள், உதட்டுக்குச் சிவப்புப் போட்டாள். அதிகாரி பார்க்கப் போகிற படமாயிற்றே!

தீபாவளிக்கு வந்த ஆறுச்சாமி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இது நீயா புள்ள?"

"பின்ன எங்கக்காளா? அடையாளம் தெரியாம என்ற ஊட்ட வேற எவளுக்காச்சும் குடுத்துரப் போறாங்க, பாத்துக்கங்க."

அதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பழைய பேப்பரில் படத்தைச் சுற்றி, கசங்காமல் கொண்டுபோனான். இவளும் வாசலில் நின்று, நம் கைவேலையை எவ்வளவு பதனமாகக் கொண்டுபோகிறார் என்று பூரித்துப்போனாள். வயிறு எரிகிறது எனக்கு.

அவன் போனபின், மருதாத்தாள் கலர் போடுகிறாள் என்கிற சேதி ஊரில் பரவியது. செத்துப்போனவர்களுக்கு நடுவீட்டில் படம் மாட்ட வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் தனியாகப் படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? கல்யாணப் படத்தில் பின்வரிசையில் நின்ற தலையைக் காட்டி, "எங்க அப்பன மட்டும் தனியா எடுத்துக் குடு ஆத்தா" என்று கொண்டுவந்தார்கள். வெங்கடேஸ்வரன் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருவார். ஒட்டிக்கொண்டு வந்த பக்கத்து ஆளின் தோளை இவள் மறைப்பாள், கசங்கின சட்டையை நேராக்குவாள், கழுத்தில் சாமந்தி மாலை ஒன்று வரைந்து கொடுப்பாள். செத்தவர்கள் படம் நிலைத்து நிற்க வேண்டும் என்று, அன்றைக்கு வேண்டாம் என்ற அந்தத் தாள் கலரையும் வாங்கிப் பழகிக்கொண்டாள். மாலை மட்டும் செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கிறவர் படத்தில் அழகுக்கு ஒரு பூ வரையச் சொன்னால்கூட, "வாய மூடு, அபசகுனம்" என்று கடிந்துகொள்வாள்.

அடுத்த நோம்பி வந்தது, ஆறுச்சாமி வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினான். மறு தீபாவளிக்கும் வரவில்லை. முதலமடையிலிருந்து மாங்காய் லாரி ஓட்டுகிற சங்கையா, ஒருநாள் மெஷின் பக்கத்தில் நின்று சாதாரணமாகச் சொன்னான்:

"உங்க ஊட்டுக்காரரு குவார்ட்டர்ஸ் முன்னால டேலியா பூத்துக் கெடக்குதுங்கக்கா, மூணாத்துக்குப் போனப்ப அவரு வாசல்ல நிக்கறதப் பாத்தேன். கூப்புட நேரமில்லீங்க."

மருதாத்தாளுக்குக் காலும் கையும் ஓடவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது! படம் வேலை செய்துவிட்டது! ஏன் சொல்லவில்லை? வெள்ளையடித்து, அடுப்புப் போட்டு, எல்லாம் சரிபண்ணியபின் கூப்பிடலாம் என்றிருப்பார். ஆம்பளைக்கு அடுப்புப் போடத் தெரியுமா, நாமே போய்விடுவோம். பெண்பிள்ளை தனக்குத்தானே இப்படிக் காரணம் தைத்துப் போட்டுக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? மிளகாய்ப்பொடி, கொள்ளு, அவனுக்குப் பிடித்த எள்ளுருண்டை, தன் கலர் டப்பா, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பைகளில் கட்டிக்கொண்டு பொள்ளாச்சி போய், உடுமலை போய், மறையூர் வழியாக மூணாறு பஸ் பிடித்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு எந்தத் துணியில் திரை தைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

சித்திரபுரத்தில் டேலியாவை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். வயிறு மேடிட்டிருந்தது.

"யாருக்கா, என்ன வேணும்?"

"ஆறுச்சாமி ஊடுங்களா?"

"ஆமாக்கா. அவுக வேலைக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாக. நான் அவுக சம்சாரம், அழகுத்தாய். இங்க தேயிலை எஸ்டேட்டுதான் நமக்குச் சொந்த ஊரு. நீங்க அவுக ஊரா? உள்ள வாங்கக்கா, குளிருல நிக்கிறீகளே!"

மருதாத்தாள் உள்ளே போனாள். கால்கள் தாமாகப் போயின என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ச் சுவரில், கண்ணாடிக்குள்ளிருந்து அவளே அவளைப் பார்த்தாள். ஒட்டின புருவம், வழவழத்த கன்னம், சிவந்த உதடு. கண்ணாடிக்குமேல் பிளாஸ்டிக் மாலை. கீழே ஒரு பலகையில் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மூத்தவுக படம்க்கா," என்றாள் அழகுத்தாய், குரலைத் தாழ்த்தி. "மஞ்சக்காமாலையில போய்ட்டாகளாம். எவ்வளவு லட்சணம் பாருங்க, பாவம். என் கையாலதான் தெனமும் வெளக்கு வைக்கேன்."

எவ்வளவு லட்சணம் என்று கேட்டதும், அந்தப் பொல்லாத நேரத்திலும் மருதாத்தாளுக்குள் ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அந்தப் பெருமையே கழுத்தைப் பிடித்து நெரித்தது. இவளைச் சாகடிக்க ஆறுச்சாமிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அதை உட்கார்ந்து உட்கார்ந்து, தொட்டுத் தொட்டு, இவளே செய்து கொடுத்திருக்கிறாள். நேரில் வந்து நின்றால்கூட அடையாளம் தெரியாதபடி செய்து கொடுத்திருக்கிறாள்! அந்தப் பெண்மேல் கோபப்படப் பார்த்தாள், வரவில்லை. தன் படத்துக்கு விளக்கேற்றுகிறவளை என்னவென்று ஏசுவது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறுச்சாமி உள்ளே வந்தான். முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. ஆனால் கெட்டிக்காரன், ஒரு மூச்சு விடுவதற்குள் சுதாரித்துக்கொண்டான்.

"அட, வாங்கக்கா! எப்ப வந்தீங்க? ஊருல எல்லாரும் சௌரியமாங்க்கா?"

அக்கா!

தாலி கட்டினவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் அற்றுப்போனது. இன்னொருத்தியைக் கட்டினதைக்கூட ஆத்திரத்தில் அழுது ஆறியிருப்பாள். கண்ணெதிரே நிற்கிறவளைப் பார்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு, அக்கா என்கிறானே. வாய் கூசவில்லையே பாவிக்கு!

மருதாத்தாள் அழகுத்தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மிணி, ஒரு சொம்பு தண்ணியும் துணியும் குடு," என்று கேட்டாள். "இந்தப் படத்துல அழுக்குப் படிஞ்சிருக்குது. எனக்கு இதுதான் தொழிலு."

"அதெல்லாம் எதுக்குங்க்கா, விடுங்க," என்று ஆறுச்சாமி முன்னால் வந்தான்.

"நவுந்து நில்லுடா."

கட்டிய நாளிலிருந்து 'ங்க' போட்டுப் பேசிய வாய் அது. அவன் நகர்ந்து நின்றான்.

படத்தை இறக்கி, மாலையைக் கழற்றி அழகுத்தாயின் கையில் கொடுத்தாள். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுத்து, படத்தை வெளியே இழுத்தாள். ஈரத் துணியைக் கன்னத்தில் வைத்து மெதுவாக ஒரு துடை. வெளுப்புப் போயிற்று. இன்னொரு துடை. வடுக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. மூக்கு நுனியில் ஒன்று, மோவாயில் ஒன்று. கடைசியாகப் புருவத்தைத் துடைத்தாள். ஒட்டியிருந்தது இரண்டாகப் பிரிந்தது.

அழகுத்தாய் படத்தைப் பார்த்தாள். எதிரே இருந்தவளின் புருவத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆறுச்சாமி, "அழகு, நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மருதாத்தாள் எள்ளுருண்டைப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். "நீ தின்னு தாயி. புள்ளத்தாச்சி." ஈரப் படத்தைச் சேலைத் தலைப்பில் ஒற்றி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

அழகுத்தாய் கையில் பிளாஸ்டிக் மாலை அப்படியே இருந்தது. "அக்கா," என்று அழுகைக்கு நடுவே கேட்டாள், "இந்த மாலைய இனி நான் யாரு படத்துல போட?"

மருதாத்தாள் வாசல்படியில் நின்றாள்.

"உன்ற ஊட்டுக்காரன் படம் ஒண்ணு இருந்தாக் குடுத்தனுப்பு தாயி. நானே கலர் போட்டுத் தாரேன். தண்ணி பட்டாலும் போகாத கலரு இப்ப எங்கிட்ட இருக்குது."