குறைந்துபோன வாயு

வெளிநாட்டில், அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்க முயலும் ஆய்வுகூடமொன்றில், எரிபொருளான கதிர்வீசும் ஐதரசன் வாயுவை உலோகக் கலங்களில் அடைத்து அளந்து காப்பது என் வேலை. விடுமுறையில் எங்கள் ஊரான நானாட்டானுக்குப் போனபோது மாமிக்கு அதை விளங்கப்படுத்தினேன்.

"அது உருக்குக்குள்ளயும் ஊறிப்போயிடும், மாமி. அளவு கொஞ்சம் குறைஞ்சாலும் எல்லா வேலையையும் நிப்பாட்டிப்போட்டுத் தேடுவம்."

நெல் புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது.

"கண்ணுக்குத் தெரியாத காத்தையோ?"

"ஓம். எங்க போனதெண்டு தெரியுமட்டும் விடமாட்டம்."

போரின் கடைசியில், விசாரணைக்கென்று இராணுவத்திடம் மாமி தன் கையாலேயே ஒப்படைத்த மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

"உங்கட ஆக்களிட்டை ஒருக்காக் கேட்டுப் பார், பிள்ளை," என்றார் மாமி. "ஆளைத் தேடவும் தெரியுமோ எண்டு."

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போதும் நான் அழைத்தால், மாமி தொலைபேசியை எடுத்ததும், "கேட்டனியோ?" என்கிறார். இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்கிறேன்.